பங்கு மார்க்கெட்டும் பந்தற்காலும்

திருவிழாவைப் பற்றி எழுதுவதாகச் சென்ற வாரம் நேயர்களுக்கு வாக்களித்திருந்தேன். வாக்குத் தவறுவது நல்ல பழக்கமல்லதான். ஆயினும் இடையில் எங்கள் தெருவில் ஒரு வளைகாப்பு வந்துவிட்டது. அங்கே இலையில் இருந்த சித்திரான்னங்களை ஒரு கை பார்த்துக்கொண்டிருந்தபோது, பெண்ணின் அண்ணன் வந்து எதிரே உட்கார்ந்தான். "மாமா! அன்றைக்கு உங்கள் பேச்சைக் கேளாமல் இருந்திருந்தால் எங்களுக்கு எண்பதாயிரம் ரூபாய் மிச்சமாகியிருக்கும்" என்று பந்தியிலிருந்த நாலு பேர் காதிலும் விழும்படி சொன்னான். நாலு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். ஆனால் வீட்டுக்கு வந்து சாய்வு நாற்காலியில் உட்கார்ந்ததும் மனம் கேட்கவில்லை. எண்பதாயிரம் ரூபாய் ஒரு நெசவுக் குடும்பத்துக்குச் சின்னத் தொகையா? பையனுக்குப் பதில் சொல்லியாகவேண்டும். வாயால் சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டான். அச்சில் வந்தால் ஒருவேளை படிப்பான். திருவிழா அடுத்த வாரம் வரையில் காத்திருக்கட்டும்.

ஆண்டிபட்டியை ஒட்டிய சக்கம்பட்டியில் தறிச் சத்தம் கேளாத தெரு அபூர்வம். பையனின் தகப்பனார் முப்பது வருஷமாகத் தறியில் உட்கார்ந்தவர். பேசுவது குறைவு; நாளைக்குப் பத்து வார்த்தைக்கு மேல் செலவழித்தால் கணக்குக் கேட்பார்களோ என்று பயப்படுகிறவர்போல் இருப்பார். வீட்டின் நிதி மந்திரி அவருடைய சம்சாரந்தான். சேலைக் கூலியில் மிச்சம் பிடித்து, சீட்டுக் கட்டி, பாங்கில் போட்டு, மகள் கல்யாணத்துக்கென்று 6 லட்ச ரூபாய் சேர்த்து வைத்திருந்தார். தேனியில் ஒரு கணக்கர் ஆபீசில் வேலையாயிருக்கும் மகன், 2024-ஆம் வருஷம் செப்டம்பர் மாதத்தில் அந்தப் பணத்தின்மேல் கண் வைத்தான்.

கெட்ட எண்ணம் எதுவுமில்லை. பாங்கில் வருஷத்துக்கு 7 சதவிகிதந்தான் கிடைக்கிறது. பங்கு மார்க்கெட்டிலோ பணம் குட்டி போடுகிறது என்று அவன் கண்டான். அது பொய்யுமல்ல. பம்பாய்ப் பங்குச் சந்தையின் சென்செக்ஸ் என்னும் குறியீட்டெண், கொரோனா பீதியில் 2020 மார்ச் 23-ந் தேதி ஒரே நாளில் 3,935 புள்ளிகள் சரிந்து 25,981-இல் நின்றது. அதே எண் 2024 செப்டம்பர் 26-ந் தேதி 85,836-இல் முடிவடைந்தது. நாலரை வருஷத்தில் மூன்று மடங்குக்குமேல். இந்தக் கணக்கைக் கைபேசியில் காட்டினால் எந்தத் தாயாருக்குத்தான் மனம் இளகாது? 4 லட்சம், சிறிய கம்பெனிகளின் பங்குகளை வாங்கும் ஒரு மியூச்சுவல் பண்டுக்குப் போயிற்று. 2 லட்சத்துக்குச் சிநேகிதர்கள் சொன்ன ஐந்து பங்குகள் வாங்கப்பட்டன. அம்மாதக் கடைசியில்தான் மார்க்கெட் உச்சியில் இருந்தது என்பது யாருக்கும் தெரியவில்லை. உச்சி என்பது இறங்கிய பிறகுதான் தெரியும். ஏறும்போது அதுவும் ஒரு படியாகவே காணப்படும்.

அப்புறம் நடந்தது நேயர்களில் பலருக்கு ஞாபகமிருக்கும். அந்நிய முதலீட்டாளர்கள் பெருந்தொகைகளை வாபஸ் வாங்கினார்கள். அமெரிக்காவில் புதிய அரசாங்கம் வந்து, எல்லா நாட்டுச் சரக்குக்கும் சுங்க வரி போடப்போவதாக மிரட்டியது. 2025 மார்ச் 4-ந் தேதி சென்செக்ஸ் 73,000-க்குக் கீழே வந்துவிட்டது. பெரிய கம்பெனிகளுக்கு ஜலதோஷம் பிடித்தால் சிறிய கம்பெனிகளுக்கு விஷக் காய்ச்சல் வருவது மார்க்கெட்டின் தர்மம். பையனுடைய பண்டு அதிகமாகவே விழுந்தது. விட்டதைப் பிடிக்கிறேன் என்று ஒரு பங்கை விற்று, ஆப்ஷன் என்னும் வாயிதா வியாபாரத்தில் இறங்கி, அதில் 35,000 ரூபாயை மூன்று வாரத்தில் கரைத்தான். 6 லட்சம் 4,55,000 ஆயிற்று. கல்யாணமோ வைகாசிக் கடைசியில் என்று நிச்சயமாகிவிட்டது.

அந்த மார்ச் மாதத்தில் ஒரு நாள் சாயங்காலம், தாயும் பிள்ளையுமாக என் வீட்டுத் திண்ணைக்கு வந்தார்கள். தகப்பனார் பின்னால் வந்து தூணில் சாய்ந்துகொண்டார்.

"அண்ணே! ஆறு லட்சத்தை நாலரை லட்சமாக்கி வைத்திருக்கிறான். கேட்டால், விற்றால்தான் நஷ்டம், விற்காத வரைக்கும் காகிதத்தில்தான் நஷ்டம் என்கிறான். நகைக்கடைக்காரரிடம் போய், பணம் காகிதத்தில் இருக்கிறது, பவுனைக் கொடுங்கள் என்றால் கொடுப்பாரா?" என்று அந்த அம்மாள் கேட்டார்.

பொருளாதாரப் புத்தகங்கள் பலவற்றைப் புரட்டியிருக்கிறேன். இதைவிடத் தெளிவாக விஷயத்தைச் சொன்ன புத்தகம் ஒன்றும் ஞாபகமில்லை.

பையன் விடவில்லை. "2020-ல் பாருங்கள், மாமா. மார்ச்சில் விழுந்தது. நவம்பரில் பழைய உச்சிக்கே வந்துவிட்டது. இப்போது பயந்து விற்கிறவன் முட்டாள்."

அவன் சொன்னது வாஸ்தவந்தான். எட்டே மாதத்தில் இழந்ததெல்லாம் திரும்பியது. ஆனால் மார்க்கெட்டுக்கு ஒரே சுபாவந்தான் உண்டு என்று எண்ணுவது பிசகு. 2008 ஜனவரி 8-ந் தேதி சென்செக்ஸ் 20,873-இல் முடிந்தது. அமெரிக்காவில் வீட்டுக் கடன்கள் முழுகி, லேமன் பிரதர்ஸ் என்னும் பெரிய ஸ்தாபனம் அவ்வருஷம் செப்டம்பரில் திவாலாகி, 2009 மார்ச்சில் குறியீட்டெண் 8,160-க்கு வந்தது. பழைய உச்சியை 2010 நவம்பரில் ஒரு முறை எட்டிப் பார்த்துவிட்டு மறுபடியும் சறுக்கியது; நிலையாகத் தாண்டுவதற்கு 2013-ஆம் வருஷத்தின் கடைசியாகிவிட்டது. ஜப்பான் தேசத்தார் கதை இன்னும் பரிதாபம். டோக்கியோவின் நிக்கேய் எண் 1989 டிசம்பர் 29-ந் தேதி 38,915 என்ற உச்சியில் நின்றது. அதைத் திரும்பவும் கடந்தது 2024 பிப்ரவரியில். முப்பத்து நாலு வருஷம்! அந்த உச்சியில் பங்கு வாங்கியவர் மகள் கல்யாணத்துக்காக வாங்கியிருந்தால், பேத்தி கல்யாணத்துக்குக்கூடப் பணம் வந்து சேர்ந்திராது.

இதில் என் சொந்த அநுபவமும் உண்டு. 2007-ஆம் வருஷக் கடைசியில், எல்லோரும் வாங்குகிறார்களே என்று நானும் ஒரு கம்பெனியின் பங்குகளை வாங்கினேன். கம்பெனியின் பெயர் வேண்டாம். தவறு கம்பெனியுடையதல்ல, என்னுடையது. வீட்டுக்கு மேல்தளம் ஒட்டுவதற்கு வைத்திருந்த பணம் அது. ஒரு வருஷத்தில் மூன்றில் ஒரு பங்காயிற்று. மேல்தளம் போடாமலே அந்த வீட்டில் ஆறு மழைக்காலம் கழித்தோம். ஒழுகுகிற இடங்களில் பாத்திரம் வைப்பதில் என் சம்சாரம் அடைந்த தேர்ச்சியைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரை எழுதலாம்.

ஆகவே அன்று திண்ணையில் நான் பையனிடம் கேட்டது, மார்க்கெட் ஏறுமா இறங்குமா என்பதல்ல. அது எனக்கும் தெரியாது, அவனுக்கும் தெரியாது, டெலிவிஷனில் கோட்டுப் போட்டுக்கொண்டு பேசுகிறவருக்கும் தெரியாது. "கல்யாணத் தேதி மாறுமா?" என்றுதான் கேட்டேன்.

"மாறாது."

"மார்க்கெட் தேறும் தேதி உனக்குத் தெரியுமா?"

பதில் இல்லை. தேதி உள்ள செலவையும் தேதி இல்லாத வரவையும் ஒரே முடிச்சில் கட்டினதுதான் பிள்ளை செய்த பிழை. பங்கு வாங்கியது பிழையல்ல. பத்து வருஷத்துக்குத் தொடவேண்டாத பணம் அவனிடமிருந்தால், அதே பண்டில் அதே செப்டம்பரில் போட்டிருந்தாலும் நான் குறை சொல்லமாட்டேன். மூன்று வருஷத்துக்குள் வேண்டியிருக்கும் பணம், அது கல்யாணமோ, காலேஜோ, வீடோ, ஆபரேஷனோ, மார்க்கெட் பக்கம் போகக்கூடாது. பாங்கு டிபாசிட்டில் ஏழு சதவிகிதம் என்று உதட்டைப் பிதுக்குகிறோம். குறித்த நாளில் குறித்த தொகை கைக்கு வரும் என்ற நிச்சயமும் அந்த ஏழோடு சேர்ந்து வருகிறது. அந்த நிச்சயத்துக்கும் ஒரு விலை உண்டல்லவா?

இன்னொரு கணக்கும் அவனுக்குப் போட்டுக் காட்டினேன். கணக்கராபீசில் இருக்கிறவனுக்கு நான் கணக்குச் சொல்வது அதிகப்பிரசங்கந்தான். 100 ரூபாய் 75 ஆனால் நஷ்டம் 25 சதவிகிதம். ஆனால் 75 மறுபடி 100 ஆவதற்கு 33 சதவிகிதத்துக்குமேல் ஏறவேண்டும். பாதியானால் முழுசாக இரட்டிக்கவேண்டும். இறங்குகிற படிகளும் ஏறுகிற படிகளும் ஒரே உயரமல்ல. இது தெரியாமல்தான் மனுஷன் விட்டதைப் பிடிக்க அவசரப்பட்டு ஆப்ஷனில் போய் விழுகிறான்.

அந்த ஆப்ஷனைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லாமல் மேலே போக முடியாது. மார்க்கெட்டைக் கண்காணிக்கும் சர்க்கார் அமைப்பான செபி 2024 செப்டம்பரில் ஒரு கணக்கு வெளியிட்டது. 2021-22 முதல் மூன்று நிதியாண்டுகளில் வாயிதா, ஆப்ஷன் வியாபாரம் செய்த தனி நபர்களில் நூற்றுக்கு 93 பேர் நஷ்டப்பட்டார்கள். எல்லோருமாகச் சேர்ந்து இழந்தது 1.8 லட்சம் கோடி ரூபாய்க்குமேல். 2024-25-ஆம் ஆண்டுக்கு வந்த கணக்கிலும் நூற்றுக்கு 91 பேர் நஷ்டம். நூறு பேர் வைகையில் இறங்கி ஏழு பேர் கரையேறினால், அந்தத் துறையில் குளிக்கப் போவோமா? "கரையேறின ஏழு பேரில் நான் ஒருவன்" என்று தொண்ணூற்று மூன்று பேரும் இறங்குமுன் நினைத்திருப்பார்கள். பையன் தலையைக் குனிந்துகொண்டான். இந்த 35,000 ரூபாயைத் தாயாரிடம் அதுவரையில் முழுமையாகச் சொல்லியிருக்கவில்லை என்று அப்போதுதான் எனக்கு விளங்கிற்று. நான் வாயை மூடிக்கொண்டேன்.

இந்தச் சமயத்தில், அதுவரை தூணோடு தூணாக நின்ற தகப்பனார் தம்முடைய பத்து வார்த்தைகளையும் ஒரே தடவையாகச் செலவழித்தார். "மார்க்கெட்டெல்லாம் சூதாட்டம், மச்சான். நூற்றுக்கு இரண்டு ரூபாய் மாச வட்டி தருகிற இடம் ஒன்று இருக்கிறது. மிச்சத்தை அங்கே போட்டுவிடலாமா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மகன் கிணற்றில் இறங்கினான் என்றால், தகப்பனார் மூடியிருக்கும் கிணற்றின்மேல் பாய் விரிக்கப் பார்க்கிறார்!

இங்கே ஒரு பழைய சம்பவத்தைச் சொல்லவேண்டும். 1906-ஆம் வருஷம் அக்டோபர் மாதம். அந்த மாதம் 16-ந் தேதி தூத்துக்குடியில் வ. உ. சிதம்பரம் பிள்ளையின் சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி பதிவாயிற்று. மூலதனம் 10 லட்ச ரூபாய்; பங்கு ஒன்று 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். எதிரே நின்றது பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நாவிகேஷன் என்ற பிரம்மாண்டமான வெள்ளைக்காரக் கம்பெனி. பங்கு வாங்கின ஒவ்வொருவருக்கும் இதில் பணம் போனாலும் போகலாம் என்பது தெரியும். தெரிந்தே வாங்கினார்கள்.

சரியாக ஆறு நாள் கழித்து, அக்டோபர் 22-ந் தேதி, சென்னையில் ஆர்பத்நாட் கம்பெனி கதவைச் சாத்திற்று. அது பங்கு வியாபாரமல்ல. டிபாசிட் வாங்கி வட்டி கொடுத்த இடம். சர். ஜார்ஜ் ஆர்பத்நாட் சாமானியரா? சென்னைப் பட்டணத்திலே முதல் வரிசைப் பிரமுகர். அவருடைய பெயரே ஜாமீன் என்று எண்ணி, உத்தியோகஸ்தர்களும், பென்ஷன்காரர்களும், விதவைகளும், கோவில்களும் பணத்தைப் போட்டு வைத்திருந்தார்கள். அந்தப் பணமோ லண்டனிலிருந்த கூட்டாளியின் மூலம் சூதாட்டம் போன்ற விவகாரங்களில் போய்க் கரைந்துகொண்டிருந்தது. அந்தக் கூட்டாளி ரயிலின் முன் விழுந்து மாண்டார். சர். ஜார்ஜுக்குப் பதினெட்டு மாதக் கடுங்காவல் கிடைத்தது. பணம் போட்டவர்களுக்கு என்ன கிடைத்தது என்பதைக் கேட்கவேண்டாம்.

ஒரே மாதத்தில், ஒரே ராஜதானியில் நடந்த இரண்டு காரியங்கள் இவை. கப்பல் கம்பெனியும் கடைசியில் பிழைக்கவில்லை. எதிர்க் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே போயிற்று. 1908-இல் பிள்ளையவர்கள் சிறை புகுந்தார். 1911-இல் கம்பெனி கலைக்கப்பட்டது. ஆயினும் அதில் 25 ரூபாய் இழந்தவர், தாம் எதற்காக எவ்வளவு இழக்கக்கூடும் என்பதை அறிந்து இழந்தார். ஆர்பத்நாட்டில் இழந்தவரோ அபாயமே இல்லை என்று நம்பி, ஆயுள்கால சம்பாத்தியத்தையும் இழந்தார். அபாயம் என்று பலகை மாட்டியிருக்கும் இடத்தைவிட, பலகையைக் கழற்றி வைத்திருக்கும் இடந்தான் எனக்குப் பயமாயிருக்கிறது. அந்த முழுகலின் அடியிலிருந்துதான், வி. கிருஷ்ணசாமி ஐயர் முதலியோர் முயற்சியால் இந்தியன் பாங்கு கிளம்பி, 1907 ஆகஸ்டு 15-இல் வேலையைத் தொடங்கிற்று என்பது நமக்கு ஓர் ஆறுதல்.

"நூற்றுக்கு இரண்டு ரூபாய் என்றால் வருஷத்துக்கு இருபத்து நாலு. நியாயமான வியாபாரம் எதில் வருஷந்தோறும் தவறாமல் இருபத்து நாலு கிடைக்கிறது, சொல்லுங்கள்" என்றேன். அவருக்குத் தறியின் லாபம் தெரியும். பதில் சொல்லவில்லை. பாங்கு டிபாசிட்டுக்கு இன்று ஒருவர் பேரில் ஒரு பாங்குக்கு 5 லட்ச ரூபாய் வரை இன்ஷூரன்ஸ் உண்டு. 1960-இல் கேரளத்துப் பாலை சென்ட்ரல் பாங்கு முழுகின பிறகு, 1962 முதல் வந்த ஏற்பாடு அது. அப்போது வரம்பு 1,500 ரூபாய். 2020 பிப்ரவரியில்தான் 5 லட்சமாயிற்று. இரண்டு ரூபாய் வட்டிக்காரருக்கு அவருடைய புன்சிரிப்பைத் தவிர வேறு இன்ஷூரன்ஸ் இல்லை.

இதற்குள் காப்பி வந்தது. காப்பி குடிக்கும்போது பேச்சு வைகை அணைக்குப் போயிற்று. எங்கள் பக்கத்தில் எந்தப் பேச்சும் கடைசியில் அணைக்குத்தான் போகும். 1959-இல் கட்டி முடித்ததிலிருந்து அப்படித்தான். அணையின் நீர்மட்டம் 71 அடி. அது 66 அடியைத் தொட்டால் கரையோரத்தாருக்கு முதல் எச்சரிக்கை. 68.5-இல் இரண்டாவது. 69-இல் மூன்றாவது. மழை நிற்குமா நிற்காதா என்று என்ஜினீயர்கள் ஜோசியம் பார்ப்பதில்லை. எந்த அடியில் என்ன செய்வது என்பது வெயில் காலத்திலேயே எழுதி வைத்தாயிற்று. தண்ணீர் வந்தபின் விவாதம் கிடையாது.

வீட்டுப் பணத்துக்கும் அவ்விதமே ஒரு அளவுகோல் நட்டுவிடலாம் என்றேன். உதாரணமாக, நூற்றில் 50 பங்கில், 50 டிபாசிட்டிலும் தங்கத்திலும் என்று முடிவு செய்கிறவர், வருஷத்துக்கு ஒரு நாள் கணக்குப் பார்க்கட்டும். பங்கு ஏறி 60 ஆகியிருந்தால், பத்தை விற்று இந்தப் பக்கம் மாற்றவேண்டும். இறங்கி 40 ஆகியிருந்தால் இங்கிருந்து அங்கே பத்தைத் தள்ளவேண்டும். எல்லோரும் ஆனந்தக் கூத்தாடும்போது விற்பதும், எல்லோரும் அழும்போது வாங்குவதும் மனித சுபாவத்துக்கு முழுதும் விரோதமான காரியங்கள். அதனால்தான் மனத்தை நம்பாமல் அளவுகோலை நம்பவேண்டியிருக்கிறது. விகிதம் ஆளுக்கு ஆள் மாறும். ராத்திரி தூக்கம் வருகிற விகிதமே அவரவருக்குச் சரியான விகிதம் என்பது என் கட்சி.

மாதாமாதம் ஒரு சிறு தொகையைப் போடுகிற முறையும் இதே ஜாதிதான். எங்கள் பக்கத்து முருங்கை வியாபாரம் தெரிந்தவர்களுக்கு இதை விளக்கவேண்டுவதில்லை. பனிக்காலத்தில் கிலோ நூறு ரூபாய்க்குமேல் விற்கிற காய், வரத்து மிகுந்தால் ஐந்துக்கும் ஆறுக்கும் வந்துவிடும். நாள்தோறும் நூறு ரூபாய்க்கு வாங்குகிறவனுக்கு விலை குறைந்த நாளில் தானாகவே நிறையக் காய் கிடைக்கும். சராசரி விலை அவனுக்கு அநுகூலமாகும். ஒரே நாளில் வருஷத்துக்கும் சேர்த்து வாங்குகிறவனுக்கு அது எந்த நாள் என்பதே தலையெழுத்து. கம்பம் பள்ளத்தாக்கின் ஏலக்காய்க்காரர்கள் இதைக் கண்ணீரோடு படித்திருக்கிறார்கள். 2019 ஆகஸ்டில் ஏலத்தில் கிலோ 7,000 ரூபாய் வரை போன காய், அப்புறம் ஓரிரு வருஷங்களில் ஆயிரத்தை ஒட்டி வந்து நின்றது. 7,000-த்தை நம்பிக் கடன் வாங்கித் தோட்டக் குத்தகை எடுக்கிறவனுடைய கதி என்னவாகும்! காய் விலை இறங்கும். கடன் வட்டி இறங்காது. பங்குக்கும் அதே சட்டம். கடன் வாங்கிப் பங்கு வாங்குகிறவனுக்கு மார்க்கெட் தேறும்வரை காத்திருக்கும் பாக்கியம் இல்லை. உச்சியில் வாங்கினவனைக்கூடக் காலம் காப்பாற்றலாம். கடன்காரன் கொடுக்கும் காலம் அத்தனை நீளமல்ல.

ஐந்து பங்குகளைப் பற்றி ஒரே ஒரு வார்த்தை. நல்ல கம்பெனியும் ஒரு ராத்திரியில் நாசமாகலாம். 2009 ஜனவரி 7-ந் தேதி சத்யம் கம்ப்யூட்டர் கம்பெனியின் தலைவர், கணக்கெல்லாம் பொய் என்று தாமே கடிதம் எழுதினார். காலையில் 180 ரூபாயை ஒட்டியிருந்த பங்கு சாயங்காலம் 40 ரூபாய். 2018 ஆகஸ்டில் 400 ரூபாய் அளவில் விற்ற எஸ் பாங்கின் பங்கு, 2020 மார்ச்சில் ரிசர்வ் பாங்கு தலையிட்டதற்கு மறுநாள் 16 ரூபாயில் முடிந்தது. டிபாசிட்காரர்களைக் கரையேற்றினார்கள், பங்குக்காரரைக் கரையேற்றுவது யாருடைய பொறுப்புமல்ல. பல கம்பெனிகளைத் தன்னுள் அடக்கிய குறியீட்டெண் விழுந்தாலும் எழுந்திருக்க வழியுண்டு. தனிக் கம்பெனி விழுந்தால் எழுந்தேயாகவேண்டும் என்று எந்தச் சாஸ்திரமும் சொல்லவில்லை.

கடைசியில் தீர்மானம் இவ்வாறாயிற்று: கல்யாணத்துக்கு அவசியமான 4 லட்சத்தை நஷ்டத்தோடு நஷ்டமாக எடுத்துவிடுவது, பாக்கி 55,000 ரூபாய் பண்டிலேயே கிடக்கட்டும், அதற்குப் பத்து வருஷத்துக்குத் தேதி கிடையாது. எடுத்த பணத்தில் நாலு பவுன் உடனே வாங்கிவிடவேண்டும் என்று அந்த அம்மாள் ஒரே பிடியாக நின்றார். அப்போது பவுன் 65,000 ரூபாயை ஒட்டி இருந்தது. "ஏறிப்போச்சே, இறங்கட்டுமே" என்றான் பையன். "பெண் கழுத்துக்குப் போடவேண்டியது பவுனு. ரூபாயல்ல" என்றார் தாயார். செலவு எந்த ரூபத்தில் வருமோ அந்த ரூபத்தில் பணத்தை வைப்பதற்குப் பெரிய தேசங்களின் பாங்கிகளில் நிபுணர்களை நியமித்திருக்கிறார்கள் என்று கேள்வி. சக்கம்பட்டியில் அதைச் சம்பளமின்றிச் செய்தார்கள். ஆறு மாதத்துக்கு முன், பவுன் 57,000-த்துக்குள் இருந்தபோதே செய்திருக்கலாம் என்பது வாஸ்தவம். அதை யாரும் அன்று சொல்லவில்லை. எனக்கு நாக்கின் நுனிவரை வந்தது, காப்பியோடு விழுங்கிவிட்டேன்.

ஏப்ரல் 2-ந் தேதி அமெரிக்க ஜனாதிபதி சுங்க வரிகளை அறிவித்தார். 7-ந் தேதி திங்கட்கிழமை சென்செக்ஸ் 2,226 புள்ளிகள் விழுந்தது. பகலில் இன்னும் ஆழத்துக்குப் போய்விட்டு வந்தது. அன்று சாயங்காலம் பையன் வந்து திண்ணையில் வெகு நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தான். போகும்போது, "நல்லவேளை, மாமா" என்றான். அந்த இரண்டு வார்த்தைகளை நேயர்கள் குறித்துக்கொள்ளவேண்டும். ஏனெனில் அவன் மறந்துவிட்டான்.

கல்யாணம் வைகாசியில் நன்றாகவே நடந்தது. அதே சமயத்தில் மார்க்கெட்டும் மாலை போட்டுக்கொண்டது. ஜூன் மாதக் கடைசியில் சென்செக்ஸ் 84,000-த்தைத் தொட்டது. சிறிய கம்பெனிகளின் பங்குகள் இன்னும் வேகமாக ஏறின. விற்ற பண்டு கையில் இருந்திருந்தால் எண்பதாயிரமாவது திரும்பியிருக்கும் என்று பையன் போடும் கணக்கில் தப்பில்லை. பவுனும் கல்யாண வாரத்தில் 72,000-த்தைத் தாண்டியிருந்தது. முன்னாலேயே வாங்கினதில் நாலு பவுனுக்கு இருபத்தெட்டாயிரம் லாபம் என்று நானும் ஒரு கணக்கு வைத்திருக்கிறேன். ஆனால் இதைச் சொல்லி ஐம்பத்திரண்டாயிரம் பாக்கிக்குப் பேரம் பேசுவது என் நோக்கமல்ல.

பையனுக்கு என் பதில் வேறு. அணையில் 69 அடி என்று அறிவித்ததும் கரையோரத்து விவசாயி மாட்டை அவிழ்த்து மேட்டுக்கு ஓட்டுகிறான். ராத்திரியோடு மழை நின்று வெள்ளம் வராமல் போய்விடுகிறது. மறுநாள் காலையில் அவன் மகன், "ஓட்டாமல் இருந்திருந்தால் ஒரு வேளைப் பால் கெட்டிருக்காது" என்கிறான். பால் கெட்டது மெய். ஓட்டினது பிசகா? அந்த மார்ச் சாயங்காலம் நம் கையில் இருந்தது ஜூன் மாதத்துப் பத்திரிகை அல்ல. மார்ச் மாதத்துப் பத்திரிகையும் ஒரு பெண்ணின் முகூர்த்த நாளுந்தான். ஏப்ரல் 7-ந் தேதிக்குப் பிறகு மார்க்கெட் ஏறாமல் மேலும் இறங்கியிருந்தால், பெண்ணின் கல்யாணத்துக்காகத் தகப்பனார் தறியை அடகு வைத்திருப்பார். எண்பதாயிரம் கிடைக்காத குறையும் தறி போய்விடுகிற குறையும் ஒரே தராசில் நிற்கக்கூடிய குறைகளா, தம்பி? இன்னொரு மார்ச் மாதத்தில், இன்னொரு வீட்டுக் கல்யாணத்துக்கு என்னைக் கேட்டால், இதே யோசனையைத்தான் சொல்லி, இதே எண்பதாயிரத்தை மறுபடியும் நஷ்டப்படுத்துவேன்.

நியாயத்துக்கு ஒன்று சொல்லிவிடவேண்டும். பையன் முன்போல் இல்லை. ஆப்ஷன் பக்கம் தலை வைத்துப் படுப்பதில்லை. ஆறு மாதச் செலவுக்குப் பாங்கில் தனியாக ஒரு டிபாசிட் போட்டிருக்கிறான். பாக்கியில் மாதம் 3,000 ரூபாய் பண்டுக்குப் போகிறது. கைபேசியில் விலை பார்ப்பதை மாதத்துக்கு ஒரு நாளாகக் குறைத்திருக்கிறான் என்று அவன் சொல்கிறான். வாரத்துக்கு ஒரு நாள் என்று அவன் அம்மா சொல்கிறார்.

வளைகாப்பன்று, எண்பதாயிரத்தைப் பற்றிப் பேசி முடித்த கையோடு அவன் என் காதருகே குனிந்து, "மாமா, பவுன் 2025 அக்டோபரிலேயே தொண்ணூறாயிரத்தைத் தாண்டிவிட்டதே! கையிலிருப்பதையெல்லாம் திரட்டிப் பவுனாக வாங்கிவிட்டால் என்ன?" என்று ரகசியமாகக் கேட்டான். நான் வாயைத் திறப்பதற்குள், பாயச வாளியோடு பின்னால் நின்றிருந்த அவன் தாயார், "முதலில் அந்த வரிசைக்குத் தண்ணீர் ஊற்று, போ!" என்றார்.